திருகோணமலை வீட்டுக்கு எந்த டிவி? எல்இடி, மினி எல்இடி, ஓஎல்இடி ஓர் ஒப்பீடு

டிவி வாங்க நினைப்பவர்கள் கடைக்குப் போக முன்னம் ஒரு வேலை செய்தால் நல்லது. பின்னேரம் மூன்று மணிக்கு வீட்டு ஹோலில், வழக்கமாக இருக்கும் கதிரையில் உட்கார்ந்து, இப்போதுள்ள டிவியை நிறுத்திவிட்டு அந்தக் கறுப்புத் திரையைப் பாருங்கள். திறந்திருக்கும் முன்கதவு அதில் வெள்ளையாகத் தெரியும். யன்னல் கம்பி தெரியும், முற்றத்துக் கொடியில் காயும் உடுப்புக்கூடத் தெரியும். திருகோணமலையில் பகலில் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் வீடு குறைவு. கடற்காற்று உள்ளே வரவேண்டும் என்றால் வெளிச்சமும் கூடவே வரும். நீங்கள் வாங்கப்போகும் டிவி வருடக்கணக்கில் அந்த வெளிச்சத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன், பெயர்களின் விளக்கம் பின்னால் வரும். இங்குள்ள பெரும்பாலான வீடுகளுக்குப் பொருத்தமானது நல்ல மினி எல்இடி. அதற்குக் காசு போதாவிட்டால், நேரடிப் பின்னொளி உள்ள சாதாரண எல்இடி. படத்தின் அழகில் ஓஎல்இடியை மிஞ்ச ஒன்றும் இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு இருட்டாக்கக்கூடிய அறை வேண்டும், கவனமாகப் பாவிக்கிற ஆட்கள் வேண்டும். இரண்டும் உள்ள வீடுகளும் இருக்கின்றன. அவர்களுக்கு என் பதில் வேறு.

கடையில் ஒட்டியிருக்கும் பெயர்களைப் பார்த்தால் பத்து வகைத் தொழில்நுட்பம் இருப்பது போலத் தோன்றும். எல்இடி, கியூஎல்இடி, நியோ கியூஎல்இடி, கியூஎன்இடி, யூஎல்இடி, ஓஎல்இடி என்று எழுத்துகள் இடம் மாறிக்கொண்டே போகும். உள்ளே இருப்பது இரண்டே குடும்பம்தான். ஒன்று எல்சிடி. அதில் திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். முன்னால் உள்ள திரவப் படிகம் ஒவ்வொரு புள்ளியிலும் அந்த வெளிச்சத்தை விடும், அல்லது மறைக்கும். பெற்றோல்மாக்ஸைக் கொளுத்தி வைத்து, அதன் முன்னால் பல லட்சம் சின்ன யன்னல்களைத் திறந்து மூடுவது போன்ற வேலை அது. எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் இடுக்கால் கொஞ்சம் வெளிச்சம் கசியும். எல்சிடியில் கறுப்பு முழுக் கறுப்பாக வராமல் சாம்பல் பூத்துத் தெரிவது இதனால்தான். இன்று 'எல்இடி டிவி' என்று விற்பதெல்லாம் இந்த எல்சிடியே. முன்பு பின்னால் குழல் விளக்கு இருந்தது, இப்போது எல்இடி இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மற்றக் குடும்பம் ஓஎல்இடி. அதில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். 1987இல் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற இருவர் இதற்கு அடித்தளம் போட்டார்கள். 2007இல் சோனி 11 அங்குலத்தில் முதல் ஓஎல்இடி டிவியை விற்றது. 2013இல் எல்ஜி 55 அங்குலத்தில் கொண்டுவந்த பிறகுதான் அது ஹோலுக்கு வரும் அளவுக்கு வளர்ந்தது. ஒருகாலத்தில் இவற்றுக்குப் போட்டியாக இருந்த பிளாஸ்மாவைப் பனசோனிக், சாம்சங், எல்ஜி மூன்றுமே 2013, 2014 காலத்தில் கைவிட்டுவிட்டன. பழைய பிளாஸ்மா யாரும் மலிவாகத் தருகிறோம் என்றால் வாங்கவேண்டாம். கரண்டும் கூடத் தின்னும், உதிரிப்பாகமும் கிடைக்காது.

சாதாரண எல்இடியில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் நம்மில் கனபேர் வாங்கப்போவது அதைத்தான். இதில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். திரையின் பனல் எந்த வகை என்பது ஒன்று, பின்விளக்கு எங்கே பொருத்தியிருக்கிறது என்பது அடுத்தது.

பனலில் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு பெரிய வகை. விஏ பனலில் கறுப்பு நல்ல ஆழமாக இருக்கும். அதன் கொன்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், 3000க்கு 1 என்ற அளவிலும் அதற்கு மேலேயும் போகும், ஐபிஎஸ்ஸில் 1000க்கு 1 அளவோடு நின்றுவிடும். ஆனால் விஏ திரையைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் நிறம் வெளிறிவிடும். ஐபிஎஸ்ஸில் எந்தப் பக்கம் இருந்தாலும் நிறம் ஏறத்தாழ அப்படியே இருக்கும். நம் வீடுகளில் எல்லோரும் டிவிக்கு நேரே வரிசையாக உட்காருவதில்லை. அப்பா நடுவில் சாய்மனைக் கதிரையில், அம்மம்மா சுவரோரக் கட்டிலில், பிள்ளைகள் கீழே பாயில், அம்மா குசினி வாசலில் நின்றபடி பாதி நாடகம். அம்மம்மாவின் கட்டில் பக்கவாட்டில் இருக்கிறது என்றால் கறுப்பு கொஞ்சம் குறைந்தாலும் ஐபிஎஸ் நல்லது. எல்லோரும் நேரேதான் இருக்கிறார்கள், இரவில்தான் பார்ப்போம் என்றால் விஏ.

பெட்டியில் இந்த விபரம் பெரும்பாலும் எழுதியிருக்காது. ஒரே மொடலில் 43 அங்குலத்துக்கு ஒரு பனலும் 50 அங்குலத்துக்கு வேறு பனலும் போடுகிற வழக்கம் வேறு இருக்கிறது. அதனால் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கடையில் டிவிக்கு நேரே நின்று பார்த்துவிட்டு, சுவரோரமாக நான்கு எட்டு நடந்து போய்ப் பாருங்கள். முகத்தின் நிறம் வெளிறினால் விஏ. அப்புறம் குந்தி இருந்து, பாயில் இருக்கும் பிள்ளையின் கண் உயரத்தில் இருந்தும் ஒருமுறை பாருங்கள். கடையில் கூச்சப்பட்டு இதைச் செய்யாமல் வருகிறார்கள். லட்சக்கணக்கில் காசு கொடுக்கும்போது குந்தி இருப்பதில் ஒரு வெட்கமும் இல்லை.

பின்விளக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டிவி எவ்வளவு காலம் நிற்கும் என்பதை அதிகம் தீர்மானிப்பது அதுதான். மெல்லிய டிவிகளில் எல்இடிகள் விளிம்பில் மட்டும் இருக்கும். அங்கிருந்து வரும் வெளிச்சத்தை ஒரு பிளாஸ்டிக் தகடு திரை முழுக்கப் பரப்பும். சூடெல்லாம் அந்த விளிம்பிலேயே குவியும். நேரடிப் பின்னொளி என்றால் திரைக்குப் பின்னால் முழுப் பரப்பிலும் எல்இடி வரிசைகள் இருக்கும். டிவி கொஞ்சம் தடிப்பாக இருக்கும், ஆனால் சூடு பரவிப் போகும். வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் வீசும் நாட்களில் இங்கே வெப்பம் 35 பாகையைத் தொடுகிறது. அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழே, சீலிங் இல்லாத ஹோலில், சுவரில் உயரமாக மாட்டிய டிவியைச் சுற்றி இன்னும் கூடவே இருக்கும். பல டிவிகளின் கையேட்டில் பாவிக்கக்கூடிய வெப்பம் 40 பாகை வரை என்றுதான் போட்டிருக்கிறது. மெல்லிய டிவி சுவரில் படம் மாட்டியது போல வடிவாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் நம் ஊருக்குத் தடித்த டிவியைத்தான் நான் சொல்வேன்.

திருத்துகிற கடையில் திறந்து வைத்த எல்இடி டிவி ஒன்றைப் பார்த்தால் இது விளங்கும். பனலைக் கழற்றி, வெள்ளைத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்தால், உள்ளே அலுமினியப் பட்டிகளில் வரிசையாகச் சின்ன எல்இடிகள் இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் பொத்தான் அளவில் ஒரு பிளாஸ்டிக் வில்லை. சூட்டில் பசை விட்டு ஒரு வில்லை கழன்று விழுந்தால் திரையில் அந்த இடத்தில் நிலா மாதிரி ஒரு வெள்ளைப் பொட்டு தெரியும். ஓர் எல்இடி கருகினால் பட்டி முழுக்கவே அணைந்துபோகலாம். அப்போது சத்தம் வரும், படம் வராது. டோர்ச் லைட்டைத் திரைக்குக் கிட்டப் பிடித்தால் படம் மங்கலாக ஓடிக்கொண்டிருப்பது தெரியும். நல்ல செய்தி என்னவென்றால், இந்தப் பட்டிகளை மாற்றலாம். டவுனிலேயே மாற்றுகிறார்கள், புது டிவியின் விலையோடு பார்த்தால் சிறிய செலவு. ஓஎல்இடியில் வெளிச்சம் தரும் பகுதியும் படம் காட்டும் பகுதியும் ஒன்றே என்பதால், அதில் கோளாறு வந்தால் முழுப் பனலும் மாற்ற வேண்டும். அந்தச் செலவு கிட்டத்தட்டப் புது டிவிக்குக் கிட்ட வந்துவிடும். கொழும்பில் இருந்து தூரத்தில் இருக்கும் நமக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கியூஎல்இடி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017இல் சாம்சங் இந்தப் பெயரைக் கொண்டுவந்தது, இப்போது வேறு நிறுவனங்களும் பாவிக்கின்றன. எல்சிடிதான், ஆனால் பின்விளக்குக்கும் பனலுக்கும் இடையில் குவாண்டம் டொட் எனப்படும் மிகநுண் துணிக்கைகள் உள்ள ஒரு படலம் இருக்கும். துணிக்கையின் அளவைப் பொறுத்து அது தரும் நிறம் மாறும். பெரியது சிவப்பைத் தரும், சிறியது நீலப் பக்கம் போகும். இந்தத் துணிக்கைகளைக் கண்டறிந்து உருவாக்கியதற்காகத்தான் மௌங்கி பாவெண்டி, லூயிஸ் புரூஸ், அலெக்ஸி எகிமோவ் மூவருக்கும் 2023இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பட்டுச் சேலையின் சிவப்பு, வயலின் பச்சை எல்லாம் இதில் செழிப்பாக வரும். ஆனால் கறுப்பின் ஆழம் அதனால் அதிகரிக்காது. பெயரில் ஓஎல்இடிக்குக் கிட்ட ஒலிக்கிறதே என்று இரண்டையும் ஒன்றாக நினைத்து அதிக விலை கொடுத்துவிடாதீர்கள்.

எல்சிடியின் கறுப்புக் குறையைத் தீர்க்க வந்ததுதான் மினி எல்இடி. பின்னால் உள்ள எல்இடிகளை மிகச் சிறிதாக்கி, ஆயிரக்கணக்கில் அடுக்கி, அவற்றைப் பல வலயங்களாகப் பிரித்திருப்பார்கள். படத்தில் இருட்டான பகுதிக்குப் பின்னால் உள்ள வலயம் மங்கும், வெளிச்சமான பகுதிக்குப் பின்னால் உள்ளது முழுப் பலத்தோடு எரியும். டிசிஎல் 2019இல் இதை டிவியில் கொண்டுவந்தது, இப்போது எல்லாப் பெரிய நிறுவனங்களிடமும் இருக்கிறது. வலயங்கள் சில நூறும் இருக்கலாம், சில ஆயிரமும் இருக்கலாம். அந்த எண்ணிக்கைதான் விலையைத் தீர்மானிக்கிறது. கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே: "அண்ணை, இதிலே எத்தனை டிம்மிங் சோன்?" பதில் தெரியவில்லை என்றால் அங்கேயே போனில் மொடல் நம்பரைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

மினி எல்இடியின் பலம் வெளிச்சம். திரையின் வெளிச்சத்தை நிட் என்ற அலகில் அளப்பார்கள். மலிவான எல்இடி டிவி 250, 300 நிட் அளவில் நிற்கும்போது நல்ல மினி எல்இடி 1000 நிட்டைத் தாண்டிப் போகும். முன்கதவு திறந்திருக்கும் ஹோலில் இந்த வித்தியாசம் கண்ணுக்கு உடனே தெரியும். பலவீனம் இருக்கிறது: வலயம் ஒன்று பல ஆயிரம் புள்ளிகளுக்குப் பொதுவானது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் சப்டைட்டில் வந்தால் எழுத்தைச் சுற்றி மெல்லிய புகை மாதிரி ஒளி படரும். கோயில் இரவுத் திருவிழாவை நேரலையில் பார்க்கும்போது, இருட்டு வானத்துக்கு எதிரே மின்விளக்கு அலங்காரத்தைச் சுற்றியும் அது தெரியலாம். வலயம் கூடக் கூட இது குறையும். பகலில் வெளிச்சம் உள்ள அறையில் அநேகமாகக் கண்ணுக்கே படாது.

இனி ஓஎல்இடி. இருட்டறையில் நல்ல ஓஎல்இடியில் ஒரு படம் பார்த்தவருக்கு வேறு திரை பிடிக்காமல் போவதில் ஆச்சரியமில்லை. இரவுக் காட்சியில் கறுத்த முடியின் இழை, கறுத்த சுவரில் இருந்து பிரிந்து தெரியும். எந்தப் பக்கத்தில் இருந்தாலும் நிறம் மாறாது. விஏ திரையில் இருட்டுக் காட்சியில் ஆள் ஓடும்போது பின்னால் இழுபடும் கறை இதில் இல்லை, புள்ளிகள் மில்லி செக்கன் ஒன்றுக்கும் குறைவான நேரத்தில் மாறிவிடும். சினிமாவை மனம்வைத்துப் பார்ப்பவர்களுக்கு, இரவில் தனியறையில் கேம் விளையாடும் பொடியன்களுக்கு, இதைத் தாராளமாகச் சொல்வேன்.

ஆனால் பகல் நேரக் கிரிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். திரை முழுக்கப் பச்சைப் புல், மேலே வெள்ளை வானம், வெயில். முழுத் திரையும் வெளிச்சமாக இருக்கும்போது ஓஎல்இடி தன் கரண்டையும் சூட்டையும் கட்டுப்படுத்தத் தன்பாட்டில் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். சின்ன இடத்தில் 1000 நிட் காட்டும் திரை, முழு வெள்ளைக்கு 200 நிட் பக்கம் இறங்கிவிடலாம். மினி எல்இடியும் கொஞ்சம் இறங்கும், ஆனால் பொதுவாக இந்த அளவுக்கு இல்லை. பின்னேர மட்ச் பார்க்கத்தான் டிவி என்று இருக்கும் வீட்டுக்கு இதைவிடத் தெளிவான வித்தியாசம் இல்லை.

ஓஎல்இடியிலும் இரண்டு வகை. எல்ஜி செய்வது வெள்ளை ஒளிக்கு முன்னால் நிற வடிகட்டி வைப்பது. சாம்சங் டிஸ்ப்ளே 2022 முதல் செய்வது கியூடி ஓஎல்இடி, நீல ஒளியைக் குவாண்டம் டொட் கொண்டு சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றுவது. கியூடி ஓஎல்இடியின் நிறம் அபாரம். ஆனால் பல கியூடி ஓஎல்இடி திரைகளில் வெளி வெளிச்சம் பட்டுத் திரும்புவதைக் குறைக்கும் வழக்கமான போலரைசர் படலம் இல்லை. அறையில் வெளிச்சம் இருந்தால் கறுப்பு லேசான ஊதா கலந்த சாம்பலாக எழும்பித் தெரியும். கறுப்புக்காகக் காசு கொடுத்துவிட்டு, திறந்த கதவுக்கு முன்னால் அதை இழப்பதில் என்ன பயன்? டச்பே பக்கம், திருக்கடலூர் பக்கம் கடலைப் பார்த்த வாசல் உள்ள வீடுகளில், விடிய எட்டு மணிக்கே சூரியன் ஹோலுக்குள் நிற்கும். அங்கே கியூடி ஓஎல்இடி பொருந்தாது.

அடுத்தது திரையில் தடம் பதிவது. ஓஎல்இடியின் ஒவ்வொரு புள்ளியும் எரிய எரியத் தேயும். ஒரே இடத்தில் ஒரே உருவம் பல மணிநேரம், பல மாதம் நின்றால் அந்த இடம் மட்டும் கூடத் தேய்ந்து நிழலாகத் தங்கிவிடும். சக்தி, வசந்தம், நேத்ரா எதைப் போட்டாலும் மூலையில் சின்னம் நிற்கும். செய்தி நேரத்தில் கீழே வரி ஓடும். கிரிக்கெட்டில் ஸ்கோர் பட்டி. விடிய பக்திப் பாட்டில் தொடங்கி இரவு செய்திவரை ஒரே சனல் ஓடும் வீடுகள் நம்மிடையே ஏராளம். வயதானவர்கள் தனியே இருக்கும் வீட்டில் டிவிச் சத்தம்தான் துணை, அதை நிறுத்தச் சொல்லவும் முடியாது. அப்படியான வீட்டுக்கு ஓஎல்இடி வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்வேன். புதிய மொடல்களில் சின்னத்தை அடையாளம் கண்டு மங்கச் செய்வது, படத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் நகர்த்துவது போன்ற பாதுகாப்புகள் இருக்கின்றன. அவை தேய்வைத் தள்ளிப்போடும். பல நிறுவனங்களின் வொரன்டியில் இந்தத் தேய்வு அடங்குவதில்லை, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு பழக்கமும் ஓஎல்இடிக்கு எதிராக நிற்கிறது. இரவில் படுக்கப் போகும்போது சுவர் சுவிட்சையும் நிறுத்திவிட்டுப் போவது. கரண்ட் மிச்சம், இடி மின்னல் பயம் என்று நல்ல காரணங்களுக்காக வந்த பழக்கம்தான். ஆனால் எல்ஜி ஓஎல்இடி போன்றவை சுமார் நான்கு மணிநேரம் ஓடிய பிறகு, ரிமோட்டில் நிறுத்தியதும் சில நிமிடங்கள் தமக்குள்ளே புள்ளிகளைச் சரிபார்த்துக்கொள்ளும். திரை கறுப்பாக இருக்கும்போதுதான் அந்த வேலை நடக்கும். சுவர் சுவிட்சை உடனே நிறுத்தினால் அது நடக்காது. நாளாந்தம் அப்படியே நடந்தால் தடம் சீக்கிரம் விழும். ஓஎல்இடி வாங்குபவர்கள் ரிமோட்டில் நிறுத்தி, கால் மணிநேரம் விட்டுச் சுவிட்சை நிறுத்துங்கள். வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லிவைக்க முடியுமா என்று யோசியுங்கள்.

மைக்ரோ எல்இடி, 8கே, 2025இல் ஹைசென்ஸ் 116 அங்குலத்தில் காட்டிய மூவர்ணப் பின்விளக்கு மினி எல்இடி எல்லாம் இப்போதைக்கு நம் கைக்கு எட்டாதவை. புரொஜெக்டரை விரும்பிக் கேட்பவர்கள் உண்டு. சுவரின் நிறத்தைவிடக் கறுப்பாக எந்தப் புரொஜெக்டராலும் கறுப்பைக் காட்ட முடியாது, பகலில் வெள்ளைச் சுவர் வெள்ளையாகவே இருக்கும். இரவில் மொட்டைமாடியில் குடும்பமாகப் பார்க்க நன்றாக இருக்கும். ஒரே டிவியாக அதை நம்ப முடியாது.

அளவைப் பற்றி. பெரிதாக வாங்கினால் நல்லது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பார்க்கும் சனலைப் பொறுத்தது என்பேன். நம் பழைய ஒளிபரப்புத் தரத்தில் ஒரு படத்துக்கு 720க்கு 576 புள்ளிகள், அதாவது 4 லட்சத்துச் சொச்சம். 4கே திரையில் 83 லட்சம் புள்ளிகள். சரியாக 20 மடங்கு. டிஷ்ஷில் வரும் சாதாரண சனல் ஒன்றை 4கே திரையில் போடும்போது 20 புள்ளிகளில் 19ஐ டிவியே ஊகித்து நிரப்புகிறது. 43 அங்குலத்தில் அது பரவாயில்லை. 65 அங்குலத்தில் முகங்கள் மெழுகு பூசியது மாதிரித் தெரியும், ஓடும் பந்தைச் சுற்றிக் கட்டம் கட்டமாக உடையும். எவ்வளவு விலை கொடுத்த ஓஎல்இடியானாலும் இதில் இருந்து தப்பாது, சொல்லப்போனால் அதில் குறை இன்னும் தெளிவாகவே தெரியும். யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் என்று ஃபைபர் இணைப்பில் பார்ப்பவர்கள் பெரிய திரைக்குப் போகலாம். டிஷ் மட்டும் உள்ள வீட்டுக்கு, எட்டு ஒன்பது அடி தூரத்துக்கு, 43 அல்லது 50 அங்குலம் போதும். மிச்சக் காசில் பனலின் தரத்தைக் கூட்டுங்கள். சின்னச் சனலைப் பெரிதாக்கிக் காட்டும் வேலையை எல்லா நிறுவனமும் ஒரே மாதிரிச் செய்வதில்லை. சோனி இதில் பெயரெடுத்தது. கடையில் ஓடும் 4கே விளம்பரப் படத்தை நிறுத்தச் சொல்லி, நாளாந்தம் நீங்கள் பார்க்கும் சனலைப் போடச் சொல்லிப் பாருங்கள்.

கடைக்குப் போகும்போது பென் டிரைவ் ஒன்றும் கொண்டுபோங்கள். அதில் உங்களுக்குப் பழக்கமான இரவுக் காட்சி ஒன்று, பகல் கிரிக்கெட் துண்டு ஒன்று, முழுக் கறுப்பில் வெள்ளை எழுத்து வரும் வீடியோ ஒன்று இருக்கட்டும். கடையில் டிவிகள் 'விவிட்' என்ற மோடில், உச்ச வெளிச்சத்தில், நீலம் தூக்கலாக ஓடிக்கொண்டிருக்கும். ரிமோட்டை வாங்கி 'சினிமா' அல்லது 'மூவி' மோடுக்கு மாற்றிவிட்டுப் பார்த்தால்தான் உண்மையான நிறம் தெரியும். முதலில் மஞ்சளடித்தது போல இருக்கும். ஐந்து நிமிடத்தில் கண் பழகிவிடும், தோலின் நிறம் தோல் மாதிரித் தெரியும். வீட்டிலும் அந்த மோடிலேயே வைத்து, பின்விளக்கை 100இல் விடாமல் இரவில் 50, 60க்கு இறக்கினால் எல்இடிப் பட்டிகளின் ஆயுளும் கூடும், கரண்டும் மிச்சம். 100 வோட்ஸ் எடுக்கும் டிவி ஒன்று நாளுக்கு ஆறு மணிநேரம் ஓடினால் மாதம் 18 யூனிட். பில் 60 யூனிட், 90 யூனிட் என்று படிப்படியாக விலை கூடும் முறையில் வருவதால், எல்லைக்குக் கிட்ட நிற்கும் வீட்டுக்கு அந்த 18 யூனிட் அடுத்த படிக்குத் தள்ளிவிடக்கூடும்.

கடற்கரையில் இருந்து இரண்டு மூன்று தெரு தள்ளி இருப்பவர்கள் உப்பை மறக்கக்கூடாது. எச்டிஎம்ஐ, யூஎஸ்பி துவாரங்களில் பச்சை பிடிக்கும். பனலின் விளிம்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய நாடா இணைப்புகளில் ஈரம் ஏறினால் திரையில் நெடுக்குக் கோடு விழும். மார்கழியில் கடல் பக்கமிருந்து மழையோடு காற்று அடிக்கும்போது, யன்னலுக்கு நேரே டிவி இருந்தால் இது விரைவாக நடக்கும். உவர்மலை, பாலையூற்றுப் பக்கம் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் நிம்மதி. டிவி எந்தத் தொழில்நுட்பமானாலும் இதில் வித்தியாசம் இல்லை, அதனால் கடலோர வீட்டுக்கு மிக விலை கூடிய திரையை வாங்க நான் தயங்குவேன். துடைக்கும்போது திரையில் தண்ணீர் தெளிக்கவே கூடாது. துளி கீழே வழிந்து சட்டத்துக்குள் இறங்கும், பனலை இயக்கும் நுண்சில்லுகள் பல டிவிகளில் அந்தக் கீழ் விளிம்பில்தான் இருக்கின்றன. பிழிந்த மெல்லிய துணி போதும்.

கரண்ட் விஷயத்தில் ஸ்டெபிலைசரை விட சேர்ஜ் புரொடெக்டருக்கு முதலிடம் கொடுங்கள். பல டிவிகளின் பின்பக்கத்தில் 100 தொடக்கம் 240 வோல்ட் என்று எழுதியிருக்கும், குறை வோல்டேஜை அவை தாமே சமாளிக்கும். ஆபத்து, போன கரண்ட் திரும்பி வரும் கணத்தில் வரும் பாய்ச்சலிலும் மின்னலிலும் இருக்கிறது. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி தொடங்கியதும் பிளக்கைக் கழற்றுபவர்கள், டிஷ் வயரை மறந்துவிடுகிறார்கள். கூரையில் இருந்து வரும் அந்த வயர் வழியாகவும் மின்னல் உள்ளே வரும். இரண்டையும் கழற்றுங்கள்.

எனவே ஆளுக்கு ஆள் என் பதில் இப்படி இருக்கும். கதவு திறந்த ஹோல், குடும்பமாகக் கிரிக்கெட், நாடகம், செய்தி என்றால் 55 அங்குல மினி எல்இடி. பெற்றோர் தனியே இருக்கிற, நாள் முழுக்க ஒரே சனல் ஓடுகிற வீட்டுக்கு 43 அங்குல நேரடிப் பின்னொளி எல்இடி, முடிந்தால் ஐபிஎஸ். மேல்மாடியில் திரைச்சீலை போட்ட அறை, இரவுப் படம், ஆட்கள் குறைவு என்றால் ஓஎல்இடி, அதிலும் எல்ஜி வகைப் பனல். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை காசு அனுப்பி "நல்லதாகப் பார்த்து வாங்குங்கோ" என்று சொல்லும்போது பெற்றோர் ஓஎல்இடிக்குப் போவதைக் காண்கிறேன். அந்தக் காசில் மினி எல்இடியும் நல்ல சவுண்ட் பாரும் வாங்கலாம். இன்றைய மெல்லிய டிவிகளின் சத்தம் பேச்சை விழுங்கிவிடும், காது மந்தமான அப்பப்பாவுக்குக் கறுப்பின் ஆழத்தைவிட வசனம் கேட்பது முக்கியம்.

வாங்கும்போது உள்ளூர் முகவரின் வொரன்டியா, கொண்டுவந்து விற்பவரின் சொந்த வொரன்டியா என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பனலுக்கு எத்தனை வருடம், திருத்த வீட்டுக்கு வருவார்களா, கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா, போக்குவரத்துச் செலவு யாருடையது என்பதையும் அங்கேயே கேளுங்கள். வீட்டுக்கு வந்த அன்றே முழு வெள்ளை, முழுக் கறுப்பு, முழுச் சாம்பல் படங்களைப் போட்டு, இறந்த புள்ளியோ மூலையில் ஒளிக்கசிவோ இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றித் தரும் காலம் சில நாட்கள்தான் இருக்கும். பெட்டியையும் உள்ளே வந்த ரிஜிபோமையும் வொரன்டி முடியும்வரை எறியாதீர்கள். டிவியை வண்டியில் அனுப்ப வேண்டி வந்தால் படுக்கப் போடாமல், அந்தப் பெட்டிக்குள் நிமிர்த்தி வைத்துத்தான் அனுப்ப வேண்டும்.